மாப்பிள்ளைக்கு வைத்த பொட்டு

நான் வைத்த ஒரு சந்தனப் பொட்டு பதினோரு லட்சம் துளைகளைக் கெடுத்தது. இதைச் சொன்னால் நம்புகிற ஆட்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி என் மகள் நித்திலா. இன்னொருவர் ஜெசிந்தா மேடம். இரண்டு பேராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. செய்ய முடிகிற இடத்தில் இருப்பது மாப்பிள்ளை. அது நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் மருதாசலம். கோயமுத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் இருபத்தாறு வருஷமாகத் துளை போடும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் செய்வது ஹப். ஓட்டுநர் இல்லாமல் தானே பறக்கும் ஆம்புலன்ஸின் தலைக்கு மேலே சுற்றும் பெரிய விசிறிக்கு நடுவே இறக்கைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிற பாகம் அது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் குடம் எப்படியோ, அப்படி. சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்கும். அதில் இருபத்து நாலு துளை போட்டு, போல்ட் இறக்கி, இறக்கைகளை மாட்டுவார்கள். ஒரு துளை விட்டுக்கொடுத்தால் இறக்கை போகும். இறக்கை போனால் வண்டி போகும்.

ஹப் சாதாரண அலுமினியம் இல்லை. உருக்கிய அலுமினியத்தில் மாவு போல அரைத்த செராமிக் பொடியைக் கலந்து வார்த்தது. எடை குறைவு, பலம் அதிகம். ஆனால் துளை போடுகிறவனுக்கு அது ஏழரைச் சனி. ரவா லட்டில் மணலைக் கலந்து கொடுத்தால் பல் என்ன பாடு படுமோ, ட்ரில் பிட் அந்தப் பாடு படும். வேகமாக இறக்கினால் சூடேறும், மெதுவாக இறக்கினால் பிட் மழுங்கும். எந்த வேகத்தில் சுற்றுவது, எவ்வளவு அழுத்தி இறக்குவது, பிட்டின் முனை எத்தனை கூர், சூடு தணிய ஊற்றுகிற எண்ணெய்த் தண்ணீர் எவ்வளவு என்று நான்கு விஷயம் கூடி வந்தால்தான் துளை துளையாக இருக்கும். முன்பெல்லாம் இருபத்தேழு துளை போட்டுப் பார்த்து, அதில் எது உத்தமம் என்று நோட்டில் எழுதிவைத்து, அதையே வருஷக்கணக்கில் பிடித்துக்கொண்டு தொங்குவோம்.

பிறகு மாப்பிள்ளை வந்தது. அதன் அரசாங்கப் பெயர் நிகரன். நாட்டில் முன்னூற்றுப் பன்னிரண்டு பட்டறை மெஷின்களுக்கும் சேர்த்து ஒரே மூளை. எங்கோ ஒரு பட்டறையில் ஒரு துளை நன்றாக விழுந்தால், அடுத்த நிமிஷம் எல்லாப் பட்டறையிலும் அதுதான் சட்டம். ஆள் கை வைக்க முடியாது. சொன்னதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டும், குறை சொல்லக் கூடாது, முகம் கோணக் கூடாது. மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது பொருத்தம்தான்.

மாப்பிள்ளைக்கு ஒவ்வொரு மெஷினிலும் ஒரு கண்ணாடிக் கண் உண்டு. பிட்டின் சூட்டை அதுதான் பார்க்கும். போன வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்து, மாலை போட்டு, சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தேன். மூன்றாம் நம்பர் மெஷினுக்கு முன்னால் நின்றபோது, அந்தக் கண் சரியாக நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. விரல் தானாகப் போய்விட்டது. நல்ல கெட்டிச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு நல்ல நேரத்தில் ஒரு வேலையாவது தொடங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மற்ற பட்டறைகள் விடுமுறையில் கிடக்க, எங்கள் மூன்றாம் நம்பர் காலை ஏழரைக்கே ஓட ஆரம்பித்தது. பொட்டு அப்படியே இருந்தது. யாரும் துடைக்கவில்லை. வைத்த பொட்டை அழிக்கிற கை எங்கள் பட்டறையில் கிடையாது, அது தானாக உதிர வேண்டும். ஒன்பது நாள் கழித்து எண்ணெய்த் தண்ணீர் ஆவியில் கரைந்து விழுந்தது.

அந்த ஒன்பது நாளில் மாப்பிள்ளை என்ன கண்டது? சூடே இல்லை என்று கண்டது. வேகத்தைக் கூட்டியது. அப்போதும் சூடு இல்லை. இன்னும் கூட்டியது. நாற்பது விநாடித் துளை இருபத்தாறு விநாடிக்கு வந்தது. துளையின் உட்புறம் முன்னைவிடப் பளபளவென்று இருந்தது. முதலாளி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார், நானும் இரண்டு தின்றேன். பொட்டு விழுந்து சூடு கண்ணுக்குத் தெரிந்தபோது, மாப்பிள்ளை இன்னொரு முடிவுக்கு வந்துவிட்டது. சூடு ஏறியும் துளை பளபளக்கிறது, ஆகவே சூட்டால் குற்றமில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு பட்டறைக்கும் அதுவே விதியானது.

பளபளப்பின் லட்சணம் எனக்கு இந்த ஆடி மாதம்தான் தெரிந்தது. தள்ளுவண்டியிலிருந்து விழுந்து நசுங்கிய ஹப் ஒன்றைக் கழித்துப் போட்டார்கள். பூஜை விளக்குக்கு அடித்தட்டு ஆகுமே என்று அதைக் குறுக்கே அறுத்தேன். அறுத்த முகத்தைத் தேய்த்துவிட்டுப் பார்க்கையில் துளையைச் சுற்றி முடி முடியாக ஏதோ தெரிந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். எல்லாம் விரிசல். சூட்டில் இளகிய அலுமினியம் விரிசலின் மேல் பூசிக்கொண்டு மூடியிருக்கிறது. வெடித்த சுவருக்குப் பட்டி பார்த்து வெள்ளையடித்த வேலை. மேலே தடவிப் பார்க்கிற எந்தக் கருவிக்கும் அது தெரியாது.

எப்போதிலிருந்து இப்படி என்று பழைய பதிவுகளைப் பார்த்தேன். வேகம் ஏற ஆரம்பித்த நாள் விஜயதசமி. மெஷின் மூன்றாம் நம்பர். எனக்கு விரல் நுனி சுட்டது போல இருந்தது. நித்திலா வேலை பார்ப்பது வால்பாறைக்கும் கோயமுத்தூருக்கும் பறக்கிற ஆம்புலன்ஸில், நர்ஸாக.

நிகரனுக்கு எங்கள் வட்டார அலுவலகம் பீளமேட்டில் இருக்கிறது. அங்கே பொறுப்பு ஜெசிந்தா மேடம். போத்தனூர்க்காரர், நாற்பது வயது இருக்கும், படித்த திமிர் இல்லாதவர். அறுத்த துண்டை மேஜையில் வைத்து, பொட்டுக் கதையை ஒளிக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் என் வாக்குமூலமாகப் பதிந்துகொண்டார். மூன்றாம் நாள் கூப்பிட்டனுப்பினார்.

“நீங்க சொன்னத நிகரன் ஏத்துக்கிச்சுங்ணா,” என்றார்.

“அப்ப நிறுத்திருமுங்களா?”

“ஏத்துக்கிச்சுன்னா பதிஞ்சுக்கிச்சு, அவ்ளோதான். பதினோரு லட்சம் ஓட்டை போட்டிருக்கு. அதுல ஒன்னுகூடப் பறக்கறப்ப விட்டுக்குடுக்கல. அது ஒரு தட்டு. நீங்க அறுத்த ஒரு துண்டும், நீங்க சொன்ன ஒரு சொல்லும் இன்னொரு தட்டு. உங்க சாட்சிக்கு ஒரு எடை போட்டுருக்கு பாருங்க.”

திரையைத் திருப்பிக் காட்டினார். புள்ளிக்குப் பின்னால் மூன்று பூஜ்யம், அப்புறம் ஒரு மூன்று.

“இன்னும் பத்து அறுத்துக் காட்டறனுங்க.”

“நூறு அறுத்தாலும் அதேதாங்ணா. விரிசல் இருக்குதுன்னு ஒத்துக்கும். அது பறக்கறப்ப வளருமான்னு கேக்கும். அது அறுத்தாத் தெரியாது. பறந்தாத்தான் தெரியும்.”

“விழுந்தாத்தான் தெரியும்னு சொல்லுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“செரி, அது கெடக்கட்டும். வண்டிகள எறக்கி வெக்கச் சொல்லுங்க மேடம். ஹப்பெல்லாம் மாத்தறவரைக்கும்.”

“கேட்டுப் பாத்துட்டேங்ணா. எல்லா வண்டியும் நின்னா மலையூர்கள்ல மாசத்துக்கு நாப்பது பேரு வழியிலயே செத்துருவாங்கன்னு காட்டுது. விரிசலால எத்தன பேருன்னு கேட்டா, தெரியலைங்குது. தெரியாத ஒன்னுக்காகத் தெரிஞ்சத எப்பிடி நிறுத்தறதுன்னு கேக்குது. எனக்குப் பதில் வரல. உங்களுக்கு வருதா?”

போன மாதம்தான் யானை தூக்கிப் போட்ட எஸ்டேட் ஆள் ஒருவரை நித்திலா பதினெட்டு நிமிஷத்தில் கீழே கொண்டுவந்தாள். நாற்பது கொண்டை ஊசி வளைவில் இறங்கியிருந்தால் அவர் ஆழியாறு தாண்டியிருக்க மாட்டார்.

“மேல மனுசங்க ஆரும் இல்லீங்களா?”

“இருக்காங்க. மூனு பேரு கையெழுத்துப் போட்டா நிறுத்தலாம். மூனு பேரும் நிகரனக் கேட்டுட்டுத்தான் பேனாவத் தொடுவாங்க. மீறிப் போட்டு, வண்டி வராம ஒருத்தரு செத்தா, போட்டவங்க பேருல கேசு. போடாம செத்தா ஆரு பேர்லயும் இல்ல.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஆனா ஒன்னு நடந்துருக்கு. உங்க சந்தேகத்தச் சோதிச்சுப் பாக்கலாம்னு ஒத்துக்கிச்சு. இதுவே பெரிய விசயங்ணா.”

நான் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன். புத்தி கெட்டவன். சோதனை என்றால் ஏதோ ஒரு கூடத்தில் ஹப்பைக் கட்டி வைத்துச் சுற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து ஜெசிந்தா மேடமே பட்டறைக்கு வந்தார். மெஷின் சத்தத்தில் பேச முடியாமல் வெளியே வேப்ப மரத்தடிக்கு அழைத்துப் போனேன். கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்.

“அண்ணா, உங்க பொண்ணு வண்டி நம்பர் என்னங்ணா?”

சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது.

“சோதனைய கூடத்துல பண்ணலைங்ணா. மலையில அடிக்கற காத்து, பனி, வெயிலு, அதெல்லாம் கூடத்துல வராதாம். பறக்கற வண்டியிலயே பாக்கப் போகுது. எப்பவும் அறுநூறு மணி நேரத்துல ஹப்ப மாத்திருவாங்கல்ல? எண்பது வண்டிய எடுத்துருக்கு. நாப்பதுக்கு வழக்கம்போல மாத்தும். நாப்பதுக்கு மாத்தாம ஆயிரத்தி எறநூறு வரைக்கும் ஓட்டும். எது எந்தப் பக்கம்னு சீட்டுக் குலுக்கற மாதிரி.”

“என்ற புள்ள வண்டி?”

“மாத்தாத பக்கம்.” அந்த நாற்பது நம்பரும் இருந்த பட்டியலை என் கையில் கொடுத்தார்.

நித்திலாவின் வண்டியில் ஹப் அப்போது ஐந்நூற்று எழுபது மணி நேரம் ஓடியிருந்தது. இன்னும் பத்து நாளில் கழற்றிப் போட்டிருப்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அது கழன்றிருக்கும். நான் போய்ச் சொன்னதால் இன்னும் அறுநூறு மணி நேரம் ஓடப் போகிறது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் கதையைச் சின்ன வயதில் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

“நான் சொன்னது பொய்யினு எழுதிக் குடுத்தறனுங்க. பொட்டும் வெக்கல ஒன்னும் வெக்கல.”

“எழுதிக் குடுக்கலாம். உங்க சாட்சிக்கு இருக்கற எடையும் போயிரும். சோதனை ஆரம்பிச்சாச்சு, அது நிக்காது.” மரத்தடியில் நின்றபடியே அவர் அழ ஆரம்பித்தார். “என்னை மன்னிச்சுருங்கண்ணா, நாந்தான் சோதனை வேணும்னு அழுத்திக் கேட்டேன்.”

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவரும் என்னைப் போலத்தான், நல்லது என்று நினைத்துச் செய்தார்.

நித்திலாவிடம் சொன்னேன். இரவுச் சாப்பாட்டுக்கு வந்தவள் தோசையைப் பிய்த்தபடியே எல்லாம் கேட்டாள். வேலையை விட்டுவிடு கண்ணு என்று அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவள் எழுந்து கை கழுவிவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இறங்கினதும் ‘எறங்கிட்டேன்’ என்று ஒரு மெசேஜ் மட்டும் வரும். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. அதை எதிர்பார்த்து நான் போனைப் பார்த்துக்கொண்டே மூன்று ஹப்பைக் கோணலாக மாட்டிக் கழிவாக்கினேன்.

பதினைந்தாம் நாள் ஒரு யோசனை வந்தது. வெளியில் அடிபட்டு நசுங்கிய ஹப்பை மாப்பிள்ளையே கழற்றச் சொல்லிவிடும், அதில் அதற்குப் பிடிவாதம் கிடையாது. ஒரே ஒரு தட்டு தட்டினால் போதும். காலை பதினோரு மணிக்கு இரண்டு பவுண்ட் சுத்தியலைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி மாடிக்குப் போனேன். நர்ஸின் அப்பா என்று காவலாளி விட்டுவிட்டார். வண்டி விசிறி ஓய்ந்து வெயிலில் நின்றிருந்தது. ஏணி பக்கத்திலேயே இருந்தது. ஏணியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“அப்பா, துண்டுல என்னங்ப்பா?”

பட்டறையில் சுத்தியலைத் துண்டில் சுற்றி எடுத்துவருகிற என் பழக்கம் அவளுக்குத் தெரியாதா என்ன. பக்கத்தில் வந்து துண்டை வாங்கிக்கொண்டாள்.

“ஒரு தட்டு தட்டிட்டுப் போயர்றன் கண்ணு. ஆருக்கும் தெரியாது.”

“தட்டுனா என்னாகும்?”

“இத கழட்டிட்டுப் புதுசு மாட்டுவாங்க. விரிசல் வளர்றதுக்குள்ள அதையும் மாத்திருவாங்க.”

“நாப்பதுல ஒன்னு கொறையுமே. அதுக்கு என்ன பண்ணும்?”

எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாது. மறுபடி சீட்டுக் குலுக்கி, மாற்றவிருந்த வேறு ஒரு வண்டியை இந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

“ஜெசிந்தா மேடத்துகிட்ட நானும் பேசுனங்ப்பா. அந்த வண்டியிலயும் ஒருத்தி இருப்பா. அவளுக்கும் ஒரு அப்பா இருப்பாரு. அவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.”

“அவருக்குத் தெரியாதில்ல, அவரு நிம்மதியா இருப்பாரு.” இப்படிப் பேசியது நானேதான்.

அவள் கோபப்படவில்லை. என் வலது கையைத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். “இனி ஒரு வண்டியையும் தொட மாட்டன்னு சொல்லுங்க. என்ற தலைமேல அடிச்சுச் சொல்லுங்க.”

நான் கையை எடுக்கப் பார்த்தேன். விடவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது, முடீஸ் எஸ்டேட்டில் ஒரு பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கிறது. “சொல்லுங்ப்பா, நேரமாவுது,” என்றாள். சொன்னேன். பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் யாருக்கு ஆகும் என்று அவளுக்குத் தெரியும், நான் அதை நம்புகிறவன் என்றும் தெரியும். வண்டி கிளம்பிப் போகிற வரைக்கும் மாடியில் நின்றேன். அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. பெண் குழந்தை.

புரட்டாசி இரண்டாவது வாரம், நாலு மணி டீக்குப் பட்டறையில் எல்லோரும் நின்றிருந்தபோது செய்தி வந்தது. கொல்லிமலையில் ஆம்புலன்ஸ் விழுந்துவிட்டது. நோயாளி ஒருவர், நர்ஸ் ஒருத்தி, இரண்டு பேரும் போய்விட்டார்கள். நர்ஸின் பெயர் பிரிசில்லா, வயது இருபத்து மூன்று. அப்பா செம்மேட்டில் மிளகு வியாபாரம். வண்டி நம்பரைப் பார்த்தேன். பட்டியலில் இருபத்து மூன்றாவதாக இருந்த வண்டி.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நம்ம வண்டி இல்லை என்றுதான் வந்தது. அடுத்து வந்தது சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம்தான். நிரூபணம் ஆகிவிட்டது, இனி மாப்பிள்ளை நிறுத்திவிடும், எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள் என்று டீயை அப்படியே வைத்துவிட்டு ஜெசிந்தா மேடத்தைக் கூப்பிட்டேன்.

“ஒன்னு தற்செயலா இருக்கலாம்ங்குதுங்ணா,” என்றார். “மூனு வேணுமாம்.”

அன்று சாயங்காலம் நிகரனிடமிருந்து எனக்கே நேராக ஒரு கடிதம் வந்தது. நல்ல தமிழ், ஒரு பிழை இல்லை. ‘பெருமதிப்பிற்குரிய மருதாசலம் அவர்களுக்கு, தாங்கள் அளித்த சாட்சியத்தின் எடை இன்று முதல் மூன்றில் ஒரு பங்காக உயர்த்தப்பட்டுள்ளது. தங்கள் பங்களிப்புக்கு நன்றி.’ முதலாளி அதைப் படித்துவிட்டு என் தோளில் தட்டிக்கொடுத்தார். நான் அதை மடித்துப் பட்டியலோடு சேர்த்து வைத்தேன்.

இந்த வருஷ ஆயுத பூஜை நேற்று. சந்தனக் கிண்ணத்தை நான் தொடவில்லை, வேறு ஆள் கையில் கொடுத்துவிட்டேன். கண்ணாடிக் கண்ணில் வைத்துவிடாதே என்று மட்டும் சொன்னேன், அவன் ஏதோ போலப் பார்த்தான். நித்திலா பன்னிரண்டு மணி ஷிப்டுக்கு முன்னால் பட்டறைக்கு வந்தாள். சின்ன வயதிலிருந்து ஒரு ஆயுத பூஜைக்கும் வராமல் இருந்ததில்லை. ஹப் அன்றைக்கு எண்ணூற்றுப் பதினொரு மணி நேரம் ஓடியிருந்தது.

பூசணிக்காய் சுற்றிக் கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். நான் கண்ணைத் திறக்க நேரமானது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னங்ப்பா வேண்டிக்கிட்டீங்க, இத்தன நேரம்?”

“எல்லா வண்டியும் நல்லபடியா எறங்கோணும்னு கண்ணு.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அப்பா தேறிவிட்டார் என்று நினைத்திருப்பாள். கையிலிருந்த விபூதியை எனக்குப் பூசிவிட்டு, சுண்டலைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அது பொய். இன்னும் இரண்டு வேண்டும். பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சாமிக்கு முன்னால் ஒவ்வொரு நம்பராக மனதுக்குள் சொல்லி, விழுந்த நம்பரை விட்டு, இவள் நம்பரைத் தாண்டி, இதில் ஏதாவது இரண்டு, சீக்கிரம் என்று வேண்டிக்கொண்டேன். முப்பத்தெட்டு நம்பரையும் சொல்ல நேரம் பிடிக்கத்தானே செய்யும்.